‘அட்ரிபியூஷன்’: ‘நன்றி’ வேண்டாம், ‘ஆக்குநர் பெயர்க்குறிப்பு’ கொள்வோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிறர் எடுத்த படத்தை இணையத்தில் பகிரும்போது எடுத்தவர் பெயரைச் சொல்லவேண்டிய கடமையை ஆங்கிலத்தில் ‘அட்ரிபியூஷன்’ என்பர். அதற்குத் தமிழில் ‘நன்றி நவிலல்’ என்னும் சொல் நம் குழுவில் முன்வைக்கப்பட்டது. அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ‘நன்றி: இணையம்’, ‘படம் உதவி: கூகுள்’ என்று எழுதிவிட்டால் போதும் என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்த ‘நன்றி’க்குப் பெரும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

நான் எடுத்த படமொன்றை அண்மையில் ஒரு பக்கத்தில் கண்டேன். கீழ் மூலையில் என் பெயர் இருந்த பட்டை வெட்டப்பட்டு, படத்தின் அடியில் ‘நன்றி: இணையம்’ என்றிருந்தது. கேட்டபோது, “நன்றி போட்டிருக்கிறேனே” என்று அவர் உண்மையாகவே வியந்தார். சொல் தந்த மயக்கம் அது.

பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, பதிவு முதலிய முறைமைகள் எதுவுமின்றியே பதிப்புரிமை கிடைக்கிறது. ஆக்கியவர் தாமே என்று உரிமைகோரும் உரிமையோ, பொருளாதார உரிமைகளைச் சாராத ஒன்றாக, 1928இல் தனியே சேர்க்கப்பட்டது. ஆகவே அனுமதி வேறு, பெயர் சொல்லுதல் வேறு. படைப்பைப் பிறர் பயன்படுத்த ஆக்கியவரே முன்வந்து வழங்கும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமங்கள் ஆறிலும் அனுமதி முன்கூட்டியே தரப்பட்டு, பெயர் சொல்லுதல் அதற்கு நிபந்தனையாகிறது. நிபந்தனையை நன்றி என்று அழைப்பது பொருந்தாது.

வழக்கிலுள்ள ‘ஆக்குநர் சுட்டு’ பொருளளவில் சரியே. ஆனால் அதையொத்த ‘சுட்டி’ இணைய இணைப்பைக் குறிப்பதால் குழப்பம் வரும். ‘சுட்ட படம்’ என்றாலோ பேச்சில் திருடிய படம்.

நன்னூல், சிறப்புப் பாயிரம் (ஒரு நூலுக்குரிய முன்னுரை) காட்டவேண்டிய எட்டுச் செய்திகளுள் ‘ஆக்கியோன் பெயர்’ என்பதையே முதலில் வைக்கிறது. நமக்கு வேண்டிய கருத்து அதுவே. ஆண்பால் விகுதியை நீக்கி ‘ஆக்குநர்’ என்போம். ‘ஆக்குநர் குறிப்பு’ என்று நிறுத்தினால் அது வாழ்க்கைக் குறிப்பாகத் தோன்றும் என்பதால், ‘ஆக்குநர் பெயர்க்குறிப்பு’ என்று முன்மொழிகிறேன், சுருக்கமாகப் ‘பெயர்க்குறிப்பு’. ‘பெயர்க்குறிப்புடன் பகிரலாம்’, ‘பெயர்க்குறிப்பு இருப்பினும் அனுமதி தேவை’ என்னும் தொடர்களில் இது இடறாமல் அமர்கிறது.

படத்தை வெட்டியோ நிறம் மாற்றியோ வெளியிட்டால் அதையும் தெரிவிக்கவேண்டும் என்கிறது அவ்வுரிமங்களின் 4.0 பதிப்பு. அதற்கு ‘மாற்றக்குறிப்பு’ என்பதைத் துணைச்சொல்லாகக் கொள்ளலாமா என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.