வாழைத்தோட்ட வடிநீரில் நைட்ரேட்: குழிக்கு எந்த மரத்துண்டு?

தோவாளைப் பக்கம், வாழைத்தோட்டத்து வடிநீர் விழும் ஓடை. தென்மேற்கு மழை தொடங்கியதிலிருந்து பாசி மண்டுகிறது. யூரியா வைத்த பிறகு வரும் முதல் மழையில் சோதனைக் கிட் நைட்ரேட்டை லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் காட்டுகிறது (குடிநீர் வரம்பு 45). வெயிலில் 10-க்குள் இறங்கிவிடும்.

யூரியாவைப் பல தவணையாகப் பிரித்தாயிற்று. கரையில் வெட்டிவேரும் உண்டு. ஆனால் தண்ணீர் வடிகால் வழியே வேரைத் தொடாமலே ஓடிவிடுகிறது. படிகாரம், குளோரின் இதற்கு ஆகாது. கொதிக்க வைத்தால் செறிவு கூடத்தான் செய்யும்.

மிச்சமிருப்பது, வடிகால் முடிவில் மரத்துண்டு நிரப்பிய குழி: 10 × 1.5 × 1.2 மீட்டர். விநாடிக்கு அரை லிட்டர் வரத்து என்றால், துண்டுகளுக்கு இடையே உள்ள வெளியில் தண்ணீர் சுமார் 6 மணி நேரம் தங்கும். காற்றில்லாத அந்த இடத்தில், மரத்தை உணவாகக் கொள்ளும் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். மரத்தூள் வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

ரப்பர் மரத்துண்டு, தென்னை மட்டை இரண்டும் இங்கே கிடைக்கும். இப்படிக் குழி போட்டவர்கள் சொல்லுங்கள்: எது சீக்கிரம் மக்காமல் அதிக வருஷம் வேலை செய்யும்?