மறு: ஃபிளாக் - கொடியா, தெரிவா, அடையா?

வணக்கம். கட்டளையோடு '-வி' போலச் சேர்த்து எழுதி, அது நடக்கும் விதத்தை மாற்றும் குறிப்பைத்தான் ஃபிளாக் என்கிறோம்; அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் பேச்சு.

> 'கொடி' என்றே வைத்துவிடலாம். நிரலாளர் எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் கோ (Go) நிரலாக்க மொழியின் கட்டளைக் கையேட்டைத் தமிழில் அடுக்க உட்கார்ந்தால் அந்தச் சொல் இடிக்கிறது. 'கோ ஹெல்ப் பில்ட்' என்ற உதவிப் பக்கத்தைப் பாருங்கள். பில்ட், கிளீன், கெட், இன்ஸ்டால், லிஸ்ட், ரன், டெஸ்ட் ஆகிய 7 கட்டளைகளுக்கும் பொதுவான ஃபிளாக்குகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ரன் பற்றிப் படிக்க வந்தவர் '-ரேஸ்' என்ற ஃபிளாக் எங்கே என்று தேடினால், பில்ட் பக்கத்துக்குப் போகச் சொல்லிக் கைகாட்டிவிடுவார்கள். நாம் அந்தப் பொதுப் பகுதியைத் தனிப் பக்கமாகவே எடுத்து முன்னால் வைக்கலாம். அதற்குத் தலைப்பு வேண்டுமே! 'பொதுக் கொடிகள்' என்றால் தெருமுனைக் கட்சிக் கம்பம்தான் கண்முன் வருகிறது.

'தெரிவு' மெனுக்களுக்குப் போய்விட்டது, 'விசை' விசைப்பலகைக்கு.

இலக்கணத்திலிருந்தே எடுத்தால் என்ன? 'கோ பில்ட்' என்னும்போது பில்ட் ஓர் ஏவல் வினை. தொகுக்க வேண்டிய பொதி (பேக்கேஜ்), செயப்படுபொருள். '-வி' அந்த வினை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது, அதாவது வினையடை. சுருக்கமாக 'அடை'. (அவியல் எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: தெரியும், தெரியும்.) பொது அடைகள், சோதனை அடைகள் என்று தலைப்புகளும் இயல்பாக அமைகின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. 'கோ ரன் -வி மெயின்.கோ' என்று எழுதினால் '-வி' கோவுக்குப் போகும்; தொகுக்கப்படும் பொதிகளின் பெயர்களை அது அச்சிடும். 'கோ ரன் மெயின்.கோ -வி' என்றால் கோ அதைத் தொடாது, நம் நிரலிடம் அப்படியே கொடுத்துவிடும். புதிதாக வருகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். இரண்டையும் கொடி என்றால் விளக்கவே முடியாது. கோப்புப் பெயருக்கு முன் வந்தால் அடை, பின் வந்தால் நிரலுக்கான செயலுருபு (ஆர்குமென்ட்) என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

> '-ஓ' (வெளியீட்டுக் கோப்பின் பெயரைச் சொல்வது) போல மதிப்பு வாங்குவதை 'மதிப்படை' எனலாமா?

வேண்டாம், 'படை' என்று பிரித்துப் படிக்கிறது. 'மதிப்பு ஏற்கும் அடை' நீளம்தான், ஆனால் அது விளக்க வரியில் மட்டுமே வரும், தலைப்பில் வராது. '-வி' போன்றவற்றை அணைக்க '-வி=ஃபால்ஸ்' என்று சமக்குறி போட்டே ஆக வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

சரி, மறுப்பு இல்லையென்றால் பொருளடக்கத்தை இந்தப் பெயர்களோடு மாற்றி அனுப்புகிறேன். உட்கட்டளையா துணைக்கட்டளையா என்ற சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.