ஹட்செப்சுட்டை எப்படி அழைப்பது?

இரண்டு ஆண்டுகளாகக் காலப்பயண நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். எகிப்தின் லக்சரில் அகழாய்வுப் பணியாளனாக இருக்கும் இளைஞன், கி.மு. 15ஆம் நூற்றாண்டில், ஹட்செப்சுட் என்ற பெண் ஆண்ட தீப்ஸ் நகரில் கண்விழிக்கிறான். காலத்தைத் தாண்டவைக்கும் பொறியை ஒரே பத்தியில் முடித்துவிட்டேன். வரைவைப் படித்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் வேறு. நாயகனை ஒட்டகத்தில் ஏற்றி, தொலைவில் புதிதாக எழும்பும் பிரமிடைக் காட்டியிருந்தேன். தோழி ஒருவர் இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். கீசாவின் பெரிய பிரமிடு அப்போதே ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த பழங்கட்டடம். தீப்ஸிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவிலும் இல்லை. ஒட்டகச் சவாரி அக்கால எகிப்தில் வழக்கமே அன்று. படகும் கழுதையும்தான், வசதி உள்ளவர்களுக்குக் குதிரை பூட்டிய தேர்.

அவற்றை ஒரே மாலையில் திருத்திவிட்டேன். அரண்மனைக் காட்சியில்தான் பேனா நின்றது. 'பார்வோனே' என்று அழைக்கவைத்திருந்தேன். விவிலியம் வழியாக நமக்குப் பழகிய அச்சொல்லுக்கு மூலப்பொருள் 'பெரிய வீடு', அதாவது அரண்மனை. அரசரின் முகத்துக்கு நேராக அதைச் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. 'அரசியே' என்பதும் ஒட்டவில்லை, ஏனெனில் அவர் அரசருக்குரிய பட்டங்களையே சூடி, பல சிற்பங்களில் ஒட்டுத்தாடியுடன் ஆண் அரசராகவே நிற்கிறார்; ஆனால் கல்வெட்டெழுதியவர்கள் அப்பட்டங்களுக்குப் பெண்பால் விகுதி சேர்த்திருக்கிறார்கள். 1829இல், ஹட்செப்சுட்டின் நினைவுக்கோயில் இருக்கும் தேர் எல்-பஹ்ரியில் தாடி வைத்த அரசரின் உருவத்துக்கு அருகே பெண்பாற் சொற்களைப் படித்துத் திகைத்தவர், எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டிய ஷாம்போலியனே. தமிழிலோ 'அரசர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்பதே மறைந்துபோகிறது. ஷாம்போலியன் பட்ட திகைப்பை என் வாசகருக்குத் தர வழியில்லை. கடைசியில் அவைக்காவலனை, 'மன்னவள் வந்தார்' என்று கூவவைத்தேன். பிழைதிருத்துபவர் நிச்சயம் சிவப்பு மையால் கோடிடுவார். அந்தப் பிழை அப்படியே இருக்கட்டும்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: நான் தேர் எல்-பஹ்ரிக்கு நேரில் சென்றிருக்கிறேன். புன்ட் நாட்டுப் பயணத்தைக் காட்டும் சுவரில், நறும்பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்து, தண்டில் தொங்கவிட்டு ஆட்கள் தோளில் சுமந்துவருகிறார்கள். மரத்தைப் பிடுங்காமல் பெயர்த்து நட எடுத்துச்செல்லும் அந்தக் கவனத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு சில சுவர்களில் ஹட்செப்சுட்டின் உருவம் மட்டும் உளியால் கொத்தப்பட்டிருக்கிறது. ஆனால் கொத்தியவர்கள் உருவத்தின் விளிம்போடு நின்றுவிட்டதால், கிரீடமும் நீட்டிய கையும் தழும்பாக இன்றும் தெரிகின்றன. ஒரு வேண்டுகோள்: அவருக்குப் பின் தனியாக ஆண்ட மூன்றாம் துட்மோஸ், முடியுரிமை முழுதும் கைக்கு வந்த மறுநாளே பழிதீர்த்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த அழிப்பு, ஹட்செப்சுட் இறந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தே நடந்ததென்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். உங்கள் நாயகன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நம் காலத்துக்குத் திரும்பும்போது, முதலில் அந்தத் தழும்பின் முன்னால் வந்து நிற்கட்டும்.