கிளவுட் ஆன்டிவைரஸ்: கோப்புகள் சர்வருக்குப் போகுமா, இணையம் இல்லாதபோது காவல் உண்டா?

கேள்வி:
என் பழைய கணினியில் நினைவகம் குறைவு. ஆகவே, நச்சுநிரல் சோதனையின் பெரும்பகுதியைத் தொலைவிலுள்ள சர்வரில் செய்யும் கிளவுட் வகை ஆன்டிவைரஸை நிறுவ எண்ணுகிறேன். என் கோப்புகள் அனைத்தும் அந்தச் சர்வருக்குப் போய்விடுமா? இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் கணினிக்குக் காவல் உண்டா?

மறுமொழி 1:
எல்லாம் போவதில்லை. பொதுவாக, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், விரல்ரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் சில விவரங்களுமே முதலில் அனுப்பப்படும். ஷா-256 முறையில் அந்த ஹாஷ் வெறும் 32 பைட்தான். சர்வருக்கு அது அறிமுகமில்லாததாக இருந்து, ஐயமும் எழுந்தால்தான் கோப்பின் மாதிரி கேட்கப்படும். விண்டோஸுடன் வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அத்தகைய கோப்பை வழக்கமாக 10 விநாடி வரை ஓடவிடாமல் நிறுத்திவைத்து, விடைக்குக் காத்திருக்கும். மாதிரி தானாகச் செல்வதை அமைப்புகளில் நிறுத்தலாம். ஆனால் புத்தம்புதிய நச்சுநிரலை முதல் பார்வையிலேயே தடுக்கும் திறனும் அதனுடன் போய்விடும் என்பதை எண்ணி முடிவெடுங்கள்.

மறுமொழி 2:
2008இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய கிளவுட்ஏவி இந்த வழியின் வலிமையை நன்கு காட்டியது. கணினியில் சிறு நிரல் ஒன்றை மட்டும் வைத்து, 10 ஆன்டிவைரஸ் பொறிகளையும் (நச்சுநிரலைக் கண்டறியும் நிரல்கள்) 2 நடத்தை ஆய்வுப் பொறிகளையும் சர்வரில் ஓட்டினார்கள். ஒரு பொறி தவறவிட்டதை மற்றொன்று பிடித்ததால், புதிய நச்சுநிரல்களைக் கண்டறியும் அளவு தனிப்பொறியைவிட 35% கூடியது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, எந்தக் கோப்பு எந்தக் கணினியில் ஓடியது என்ற பதிவு சர்வரில் தங்குவதைத்தான். இன்று தப்பிய கோப்பு நாளை தீயது எனத் தெரிந்தாலும், அது ஓடிய கணினிகளைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் பொறிகள் பெருகினால், நல்ல கோப்பைத் தீயதென்று சொல்லும் பிழையும் பெருகக்கூடும்.

மறுமொழி 3:
ஹாஷை மட்டும் நம்பவேண்டாம். ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் உருமாறிப் பரவும் நச்சுநிரலைச் சர்வரின் ஹாஷ் பட்டியலில் தேடிப் பயனில்லை. கோப்பாகவே வராமல், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் வழியாக நினைவகத்தில் ஓடும் நச்சுநிரலுக்கோ பார்க்க ஹாஷே கிடையாது. அங்கே கணினியிலேயே இருக்கும் நடத்தைக் கண்காணிப்புதான் உதவும்.

சர்வரையே பெரிதும் நம்பும் மென்பொருளில் இணைப்பு அறுந்தால், சர்வர் முன்பு சொல்லி உள்ளே சேமித்துவைத்த தீர்ப்புகளும், அறிந்த நச்சுநிரல்களை இனங்காண அண்மையில் இறக்கிய அடையாளத் தொகுப்பும் மட்டுமே மிஞ்சும். இணையமில்லாத நேரத்தில் யூஎஸ்பி வழியாக வரும் புதிய நச்சுநிரலுக்கு அவை போதாமல் போகலாம். எனவே கணினியிலேயே சோதிக்கும் உள்ளூர்ப் பொறியும் உள்ள மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். அது கூடுதலாகக் கேட்கும் நினைவகத்தைக் கொடுத்துவிடுங்கள். முக்கியக் கோப்புகளின் நகல் ஒன்றைக் கணினியோடு இணைக்காத வட்டில் வைத்திருங்கள்.