ஊர்க்குழு விசாரிக்கலாமா? அந்த 24 மணி நேரம் யாருக்கு?

கீழவாசல் வழக்கறிஞர்:
குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு முதலில் விசாரிக்கட்டும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொன்னால் போதும் என்று வைகைக்கரை நேற்று எழுதியதைப் படித்துக் கொதித்துப்போனேன். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் பிரிவு 19, உட்பிரிவு 6ஐப் பாருங்கள். தனக்கு வந்த தகவலைக் காவல்துறை மாவட்ட அளவிலான குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டிய கெடுதான் அந்த 24 மணி நேரம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேச அளித்த அவகாசம் அன்று. தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு.

வைகைக்கரை:
தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் தம்பிக்கு மட்டும் சொந்தமன்று. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், செவிலியர், குழந்தைப் பிரதிநிதிகள் இருவர் என இத்தனை பேரைக் குழுவில் அமர்த்திவிட்டு, விசாரிக்கக் கூடாது என்றால் அந்தக் குழு எதற்கு? 24 மணி நேரம் இருக்கிறது.

கீழவாசல் வழக்கறிஞர்:
திரும்பச் சொல்வதால் அது உங்களுக்கு உரியதாகிவிடாது, ஐயா. பள்ளியை விட்டு நின்ற பிள்ளை யார், எந்த வீட்டில் குழந்தைத் திருமணப் பேச்சு நடக்கிறது, வெளியூர் வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளை யார் பொறுப்பில் வளர்கிறது என்று முன்கூட்டியே கவனிப்பதுதான் குழுவின் வேலை. குற்றம் நடந்த பிறகு குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர், இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர், பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 24. ஊரே சுற்றி நின்று கேட்டால், அதிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தலைவரின் உறவினராக இருந்தால், அந்தப் பிள்ளை வாய் திறக்குமா?

மருதநிலா:
அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் குழு கூடுவதே அரிது. கையொப்பத்துக்கு ஏடு மட்டும் வீடு தேடி வரும். ஒருமுறை குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தேன். அழைத்தது நான்தான் என்று எப்படியோ கசிந்து, குழாயடியில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

கீழவாசல் வழக்கறிஞர்:
நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது, அம்மா. பிரிவு 19, உட்பிரிவு 7.

மருதநிலா:
வழக்கைப் பற்றி நான் கேட்கவில்லையே.

வைகைக்கரை:
சொத்துத் தகராறில் பொய்ப் புகார் கொடுப்பவர்களைத் தம்பி பார்த்ததில்லை போலும். சத்துணவு விவாதத்திலும் இப்படித்தான் எல்லோர் முன்னிலையிலும் என்னை மட்டம் தட்டினார், நான் மறக்கவில்லை.

கீழவாசல் வழக்கறிஞர்:
தீய நோக்கத்தோடு பொய்ப் புகார் தருபவரைத் தண்டிக்கப் பிரிவு 22 இருக்கிறது. அதற்கு ஊர் விசாரணை தேவையில்லை. தனக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்பதைத் தலைமையாசிரியராக இருந்தவர் அறிந்திருக்க வேண்டும். 24 மணி நேரம் காவல்துறைக்கு மட்டுமே.

வைகைக்கரை:
என் பணிக்காலத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். 24 மணி நேரம் என்று சட்டத்தில் அச்சிட்டிருக்கிறது. நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.