11 லிட்டர் கேபினட்டுக்கு எந்த மதர்போர்டு எடுக்கலாம்?

திருநகர் தம்பி:
அண்ணே, ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியூ, ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு வச்சு சின்ன கேமிங் பிசி கட்டப்போறேன். கேபினட் 11 லிட்டர், கார்டு ரைசர் கேபிள்ல (கார்டை ஸ்லாட்டோட இணைக்கிற நீட்டிப்பு கேபிள்) போர்டுக்குப் பின்பக்கம் நிற்கும். மினி ஐடிஎக்ஸ்ல (சின்ன சதுர போர்டு அளவு) ஏ620, பி650, எக்ஸ்670ஈ சிப்செட் மூணும் கண்ணுல படுது, விலைதான் எக்கச்சக்க வித்தியாசம். மொட்டைமாடி அறை, ஏசி கிடையாது. எதை எடுக்க?

மேலூர் பில்டர்:
எக்ஸ்670ஈ வேண்டாம் தம்பி. 170 மி.மீ. சதுரத்துல எந்த சிப்செட் வந்தாலும் ஒரே ஒரு கார்டு ஸ்லாட், ரெண்டு ரேம் ஸ்லாட்தான். அந்த சிபியூவோட உச்ச வரம்பு 162 வாட், ஆனா கேம்ல பெரும்பாலும் அதுல பாதி அளவுதான் இழுக்கும். விஆர்எம் (சிபியூவுக்கு மின்சாரம் சீராக்கித் தர்ற பகுதி) ஃபேஸ் எண்ணிக்கைக்குக் காசு கொட்டாதீங்க.

பி650 எடுங்க. ஏ620-ல எக்ஸ்போ (ரேமை அது மேல போட்டிருக்கிற வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஓடும், சிபியூ ஓவர்கிளாக் கிடையாது, வோல்டேஜ் குறைக்கிற வசதியும் போர்டுக்குப் போர்டு மாறும். கத்திரி வெயில்ல அந்த வசதிதான் உங்களுக்கு முக்கியம். இந்த சிபியூ 89 டிகிரியில தானே வேகத்தைக் குறைச்சுக்கும். வோல்டேஜ் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கை மைனஸ் 15-ல ஆரம்பிச்சு, ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல நின்னா மைனஸ் 20 பாருங்க. ரீஸ்டார்ட் ஆனா திரும்பக் குறைச்சுக்கோங்க.

கூலரையும் சேர்த்து யோசிங்க. மேலிருந்து கீழே ஊதுற கூலர்னா விஆர்எம்முக்கும் காத்து போகும். லிக்விட் கூலர் போட்டா அந்தக் காத்து நின்னுபோகும், அப்ப ஹீட்சிங்க் கனமா உள்ள போர்டுதான் வேணும். ஆனா அந்த ஹீட்சிங்க் உயரமா இருந்தா தாழ்வான கூலர் அதுல இடிக்கும். ரெண்டோட உயரத்தையும் பார்த்துட்டு வாங்குங்க. ரெண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டுற இடம்) போர்டுக்குப் பின்னாடி இருந்தா, அங்க காத்தே போகாது. விண்டோஸ் எஸ்எஸ்டியை முன்பக்கம் ஹீட்சிங்க்குக்குக் கீழ வைங்க.

சிம்மக்கல் சர்வீஸ்:
ரைசர் ஜென் 3 கேபிளா, ஜென் 4-ஆ (கார்டு ஸ்லாட்டான பிசிஐஇ-யோட தலைமுறை)? கார்டு ஜென் 4. கேபிள் ஜென் 3-ஆ இருந்து பயாஸ் (போர்டோட அடிப்படை செட்டிங் மென்பொருள்) ஆட்டோவுல நின்னா டிஸ்ப்ளே வராது, போர்டு போச்சுன்னு நினைச்சுக் கழட்டிருவாங்க. எச்டிஎம்ஐ-யை போர்டுல குத்துங்க, சிபியூவுக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கு. பயாஸ்ல அந்த ஸ்லாட்டை ஜென் 3-னு மாத்திட்டா கார்டு எழுந்துரும். கேம் வேகத்துல இழப்பு ரொம்பக் கொஞ்சம்தான்.

இன்னொண்ணு, பழைய ஸ்டாக் பி650 வந்தா எக்ஸ்போ போடுறதுக்கு முன்னாடி பயாஸை அப்டேட் பண்ணியே ஆகணும். 2023-ல இந்த எக்ஸ்3டி சிப்புகள் கருகின பிறகுதான் எஸ்ஓசி வோல்டேஜை (சிபியூவுக்குள்ள ரேமைக் கையாள்ற பகுதிக்குப் போற மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம ஏஎம்டி கட்டுப்படுத்துச்சு. அதனால பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (பென்டிரைவ்ல இருந்து பயாஸை அப்டேட் பண்றது) உள்ள போர்டா பாருங்க: எஃப்ஏடி32 பென்டிரைவ், மேனுவல்ல சொன்ன பேர்ல ஃபைல், குறிச்ச யுஎஸ்பி போர்ட். யுபிஎஸ்ல மாட்டாம அந்த வேலையைத் தொடாதீங்க, நடுவுல கரண்ட் போனா சிக்கல். முதல் தடவை ஆன் பண்ணும்போது ரேம் டிரெய்னிங்னால (போர்டு ரேமைச் சோதிச்சு செட் பண்ணிக்கிறது) சில நிமிஷம் திரை கருப்பாவே இருக்கும், அணைக்காதீங்க.

திருநகர் தம்பி:
கேபிள் ஜென் 4-தான் அண்ணே. கேபினட் இன்னும் வாங்கல.

மேலூர் பில்டர்:
வாங்கலைன்னா 20 லிட்டர் வரைக்கும் இடம் இருக்கான்னு மேஜையை அளந்து பாருங்க. இருந்தா பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் (மினி ஐடிஎக்ஸை விடப் பெரிய போர்டு) போதும். விலை குறைவு, ஃபேன் ஹெடர் கூடுதல், ரைசர் தொல்லையே இல்லை. நாலு ரேம் ஸ்லாட் இருக்குன்னு நாலையும் நிரப்பாதீங்க, வேகம் விழுந்துரும். 16 ஜிபி ரெண்டு, 6000 வேகம், சிபியூ பக்கமிருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க.