புதுப்பிப்பு: பேக்கிங் மெஷின் லைட் கர்ட்டன் பிரச்சினை சரியாயிருச்சு

ஹட்டன் பக்கம் நம்ம தேயிலை பெக்டரி பேக்கிங் மெஷின்ல லைட் கர்ட்டன் (கை உள்ள போய் வெளிச்சக் கதிர, அதாவது பீம மறைச்சா மெஷின நிப்பாட்டுற பாதுகாப்பு சாதனம்) விடியக்காலையில சும்மா சும்மா ட்ரிப் ஆகி மெஷின நிப்பாட்டுதுனு முன்ன கேட்டிருந்தேனே, இப்ப சரி. மெஷின்லயே பூட்டியிருந்த பிராக்கெட் அதிர்வுல அசஞ்சு பீம் விலகியிருக்கு, அதோட பனிக்கு கண்ணாடியில ஈரம் கட்டி தேயிலை தூசியும் ஒட்டிக்கிச்சு, அதனால தரையில தனி ஸ்டேண்ட் அடிச்சு லெவல் பார்த்து பூட்டினோம். தூரம் ரொம்ப முக்கியம்ங்க. மெஷின் நிக்க மொத்தம் 0.2 செக்கன், கை வேகம் செக்கனுக்கு 2000 மில்லிமீட்டர்னு கணக்கு, அப்ப 14 மில்லிமீட்டர் கர்ட்டன்னா (14 மில்லிமீட்டர் தடிப்புல விரல் மாதிரி எது போனாலும் கண்டுபிடிக்கிறது) ஆபத்தான எடத்துலருந்து ஆகக் குறைஞ்சது 400 மில்லிமீட்டர் தள்ளி வைக்கணும். பச்சை லைட் எரிஞ்சா போதும்னு விட்றாதீங்க, பக்கத்துல பளபளப்பான ஸ்டீல் தகடு இருந்தா வெளிச்சம் அதுல பட்டு சுத்திப்போகும், கை உள்ள போனாலும் மெஷின் நிக்காம போகலாம். கர்ட்டன் கண்டுபிடிக்குற அதே தடிப்புல இருக்குற டெஸ்ட் குச்சிய மேல, நடு, கீழனு எல்லா எடத்துலயும் விட்டு பார்த்துட்டுதான் அக்காமார வேலைக்கு விட்டோம்.